நேம் பிளேட்டை நம்பலாமா, நண்பர்களே?

நம்ம மெஷின்ஸ் லேபில் முதல் நாளே சார் சொல்லித் தந்த பாடம் ஒன்று உண்டு. மோட்டாரின் நேம் பிளேட்டில் இருப்பதை அப்படியே ரெக்கார்டு நோட்டில் எழுதினால் மார்க் கிடையாது. லோடு டெஸ்ட் போட வேண்டும். மீட்டர் காட்டுவதுதான் ரீடிங்! ஆனால் செல்போன் கடைக்குள் நுழைந்ததும் நாம் என்ன செய்கிறோம்? நேம் பிளேட்டை மட்டும் படித்துவிட்டுப் பணத்தை எண்ணிக் கொடுக்கிறோம்.

நானும் அப்படி ஏமாந்தவன்தான். முதலாம் ஆண்டில் அம்மா சீட்டு எடுத்து 14,000 ரூபாய்க்கு ஒரு போன் வாங்கித் தந்தார். மெகாபிக்சல் இத்தனை, ரேம் இவ்வளவு என்று கடைக்காரர் அடுக்க அடுக்க எனக்குப் பெருமை தாங்கவில்லை. "ரெண்டு ஆண்ட்ராய்டு அப்டேட் கட்டாயம் வரும் தம்பி" என்றார். முதலாவது பதினோரு மாதம் கழித்து வந்தது. இரண்டாவது வரவே இல்லை. அதற்குள் அதே கம்பெனி நாலைந்து புதுப் போன்களை இறக்கிவிட்டது!

ஏன் இந்தத் தாமதம்? கூகுள் புது ஆண்ட்ராய்டை வெளியிட்டால் மட்டும் போதாது. சிப் தயாரிப்பவர் அதற்கேற்ற டிரைவர் தர வேண்டும். போன் கம்பெனி தன் மேல்பூச்சு வேலைகளைச் சேர்த்து, ஒவ்வொரு மாடலிலும் சோதிக்க வேண்டும். இந்த வேலையைச் சுலபமாக்க 2017-லேயே கூகுள் 'ப்ராஜெக்ட் டிரெபிள்' கொண்டு வந்தது. ஆனாலும் விற்றுப்போன போனுக்குச் செலவு செய்யப் பல கம்பெனிகளுக்கு மனசு வருவதில்லை.

"அப்டேட் இல்லேன்னா என்னடா, போன் ஓடுதுல்ல?" என்கிறான் ஹாஸ்டல் நண்பன். ஓடுகிறது, சரி. ஆனால் அப்டேட் என்பது புது வால்பேப்பர் அல்ல, பாதுகாப்பு ஓட்டைகளை அடைக்கும் வேலை. ஸ்காலர்ஷிப் பணமும் வீட்டுப் பணமும் யூபிஐ வழியாக இந்தப் போனில்தானே புரள்கிறது! 2018-ல் செக்யூரிட்டி ரிசர்ச் லேப்ஸ் என்ற ஜெர்மன் நிறுவனம் ஆராய்ந்தபோது, சில போன்களில் பேட்ச் தேதி மட்டும் மாறியிருந்தது, பேட்ச் உள்ளே இல்லை. நேம் பிளேட் மோசடிக்கு இதைவிட வேறு என்ன சாட்சி வேண்டும்?

எண்களின் கதையும் இதேதான். 2020-ல் வந்த சாம்சங் எஸ்20 அல்ட்ராவில் 108 மெகாபிக்சல் கேமரா. ஆனால் சாதாரணமாக எடுத்தால் ஒன்பது பிக்சல்களை ஒன்றாகச் சேர்த்து 12 மெகாபிக்சல் படம்தான் தரும். அது நல்ல தொழில்நுட்பம்தான். ஆனால் விளம்பரத்தில் கொட்டை எழுத்தில் எது நின்றது? 108! தண்ணீரில் நனையலாம் என்று காட்டிய விளம்பரங்களுக்காக 2022-ல் ஆஸ்திரேலிய நீதிமன்றம் அதே சாம்சங்குக்கு 1.4 கோடி ஆஸ்திரேலிய டாலர் அபராதம் போட்டது.

முடியாத காரியமா கேட்கிறோம்? 2023-ல் கூகுள் பிக்சல் 8-க்கும், 2024-ல் சாம்சங் எஸ்24-க்கும் ஏழு வருஷ அப்டேட் என்று அறிவித்தார்கள். காஸ்ட்லி போனுக்கு முடிகிறது. நம் கைக்கு எட்டும் போன்கள் பலவற்றுக்கு மட்டும் ஏன் முடியவில்லை? ஐரோப்பிய ஒன்றியத்தில் 2025 ஜூன் முதல் இதற்கு விதியே வந்துவிட்டது. விற்பனை நின்ற பிறகும் குறைந்தது ஐந்து வருஷம் அப்டேட் கிடைக்க வேண்டும் என்பது அதன் நோக்கம். இங்கேயும் அப்டேட் முடியும் தேதியைப் பெட்டியின் மேலேயே அச்சடிக்கச் சொல்ல வேண்டும். மருந்துக்கும் பிஸ்கெட்டுக்கும் தேதி இருக்கும்போது போனுக்கு இருந்தால் என்ன?

நண்பர்களே! நம் சீனியர்கள் சிலர் இன்று ஸ்ரீபெரும்புதூரில் செல்போன் லைனில் நிற்கிறார்கள். நாளை நாமும் நிற்கலாம். அதற்கு முன், அடுத்த போன் வாங்கும்போது "எத்தனை மெகாபிக்சல்?" என்று கேட்காமல், "எந்த வருஷம் வரை அப்டேட்?" என்று கேட்போம். பதில் சொல்லத் தெரியாத கடையிலிருந்து தைரியமாக வெளியே வருவோம். நாம் போடும் லோடு டெஸ்ட் அதுதான்!

– மூன்றாம் ஆண்டு மாணவன், மின்னியல் பிரிவு