பாட்டிலின் ஜாதகம்

ஸ்காட்லாந்தின் கிளாமிஸ் கோட்டை பேய்க் கதைகளுக்குப் பெயர் போனது. ஒயின் பிரியர்களுக்கோ அதன் நிலவறைதான் முக்கியம். 13-வது ஸ்ட்ராத்மோர் பிரபு 1878-ல் பிரான்சின் லஃபீத் தோட்டத்து 1870-ம் ஆண்டு ஒயினை 48 மேக்னம் வாங்கி அங்கே இறக்கினார். மேக்னம் என்பது ஒன்றரை லிட்டர் பாட்டில். திறந்து குடித்துப் பார்த்தால் ஒரே துவர்ப்பு. பிரபுவுக்குப் பிடிக்கவில்லை. 1904-ல் அவர் இறந்த பிறகும் பாட்டில்கள் குளிரிலும் இருட்டிலும் அப்படியே கிடந்தன.

லண்டனின் கிறிஸ்டிஸ் ஏல நிறுவனம் அவற்றை விற்றது 1971-ல். மிச்சமிருந்தவை நாற்பதுக்கும் மேல். ஏலத்துக்கு முன் ஒன்றைத் திறந்து ருசித்தார் அதன் ஒயின் பிரிவுத் தலைவர் மைக்கேல் பிராட்பென்ட். தக்கை கெடவில்லை, ஒயினின் மட்டம் இறங்கவில்லை. நூறு வயதைச் சொல்லவிடாத அடர்நிறம். பிரபுவை விரட்டிய துவர்ப்புதான் அந்த ஒயினை அத்தனை காலம் காத்திருக்கிறது. திராட்சைத் தோலிலிருந்தும் விதையிலிருந்தும் வரும் டானின், ஆண்டுகள் போகப்போக ஒன்றோடொன்று சேர்ந்து வண்டலாக அடியில் தங்கும். மேலே மிஞ்சுவது மென்மையாகும்.

எல்லா ஒயினுக்கும் இந்த யோகம் கிடையாது. உலகில் தயாராகும் ஒயினில் பெரும்பகுதி சில ஆண்டுகளுக்குள் குடித்துவிட வேண்டியது. வீட்டு நிலவறையில் பத்திரப்படுத்தி, மகள் கல்யாணத்துக்குத் திறந்து ஏமாந்தவர்கள் ஏராளம். 12, 13 டிகிரி குளிர், வெளிச்சம் படாத இடம், தக்கை நனைந்திருக்கும்படி படுக்கவைத்த பாட்டில் - இவை தவறினால் நல்ல ஒயினும் வினிகர்தான்.

பழைய ஒயினைச் சோதிப்பவர்கள் முதல் நாளே பாட்டிலை நிமிர்த்தி வைத்து வண்டலை அடங்கவிடுகிறார்கள். பிறகு நிறம்: சிவப்பு ஒயின் வயதானால் விளிம்பில் செங்கல் நிறம் காட்டும், வெள்ளை ஒயின் கருக்கும். அடுத்தது மூக்கு. நனைந்த அட்டைப்பெட்டி வாசம் அடித்தால் தக்கை கெடுத்துவிட்டது என்று அர்த்தம். நாக்கின் முறை கடைசியில்தான் வருகிறது. அதிலும் அவசரம் தேவை. மிகப் பழைய ஒயின் காற்றுப்பட்ட சிறிது நேரத்திலேயே சோர்ந்துவிடக்கூடும்.

ஆனால் எந்த வீட்டிலிருந்து வந்தது என்று தெரியாத பாட்டிலை நாக்கு மட்டும் எடைபோட முடியுமா? இதற்கும் பதில் அதே பிராட்பென்டின் ஏல மேடையிலேயே இருக்கிறது.

1985 டிசம்பரில் அவர் ஏலம் விட்ட ஒரு பாட்டிலில் 1787 என்ற ஆண்டும், லஃபீத் பெயரும், 'Th.J.' என்பதற்கான எழுத்துகளும் செதுக்கப்பட்டிருந்தன. அமெரிக்க ஜனாதிபதியாக இருந்த தாமஸ் ஜெஃபர்சனுக்காக வாங்கியதாம். பாரிஸில் சுவர் வைத்து மூடப்பட்டிருந்த நிலவறையில் கிடைத்தது என்றார் கொண்டுவந்த ஜெர்மானியர் ஹார்டி ரோடன்ஸ்டாக். எந்த வீடு என்று கடைசிவரை சொல்லவில்லை. ஃபோர்ப்ஸ் பத்திரிகைக் குடும்பம் 1,05,000 பவுண்டுக்கு அதை எடுத்தது. அதே குவியலின் வேறு சில பாட்டில்கள் விருந்துகளில் திறக்கப்பட்டன. குடித்த வல்லுநர்கள், பிராட்பென்ட் உட்பட, மெய்மறந்து புகழ்ந்தார்கள்.

அப்படி நான்கு பாட்டில் வாங்கியிருந்த அமெரிக்கக் கோடீஸ்வரர் பில் காக் பின்னாளில் துப்பறிவாளர்களை அமர்த்தினார். அவர்கள் பார்த்தது ஒயினை அல்ல, கண்ணாடியை. அந்த எழுத்துகள் மின்கருவியால் செதுக்கப்பட்டவை என்று நிபுணர்கள் சொன்னார்கள். ஜெஃபர்சன் எதையும் கணக்கெழுதி வைக்கும் மனிதர். அவரது ஏடுகளில் இந்த 1787 பாட்டில்களுக்கு ஆதாரமே இல்லை. காக் 2006-ல் வழக்குப் போட்டார். ரோடன்ஸ்டாக் குற்றச்சாட்டை மறுத்தார், 2018-ல் இறந்துபோனார்.

ஃபோர்ப்ஸ் பாட்டிலை யாரும் ருசிக்கவேயில்லை. விளக்கொளியில் நிற்கவைத்துக் காட்சிக்கு வைத்திருந்ததில் தக்கை காய்ந்து சுருங்கி உள்ளே விழுந்துவிட்டது.