உதவியாளர் என்றும் உதவியாளர்தானா?

வெள்ளைத் துரைமார் கப்பலேறிப் போயினர். 1972லும் 1975லும் தோட்டங்கள் அரசாங்கத்தின் கைக்கு வந்தன. 1992ல் நிர்வாகம் மறுபடியும் கம்பனிகளின் கைக்குப் போயிற்று. பெயர்ப் பலகைகள் மாறின. பங்களாவில் குடியிருப்போரின் நிறமும் மாறிற்று. மாறாத காட்சி ஒன்று உண்டு. ராகலைச் சந்தியிலிருந்து கந்தப்பளைப் பக்கம் போங்கள், அல்லது உடப்புசல்லாவைப் பக்கம் போங்கள். வழியிலே தோட்டத்து டிஸ்பென்சரியைக் காண்பீர்கள். உள்ளே ஒரு மேசை, பிள்ளை நிறுக்கும் ஒரு தராசு, ஓரம் கிழிந்த ஒரு பேரேடு, அவற்றின் பின்னே ஒரு மனிதர். லயத்து மக்கள் அவரை ‘டாக்டர் ஐயா’ என்பர். கம்பனியின் கடதாசியோ அவரைத் ‘தோட்ட வைத்திய உதவியாளர்’ என்கிறது.

உதவியாளர்! யாருக்கு உதவியாளர்? தோட்டத்திலே குடியிருக்கும் வைத்தியர் யார்? நள்ளிரவில் பிரசவ வேதனை கண்டவளுக்கு அம்புலன்ஸ் வருமா, கொழுந்து லொறிதான் வருமா என்று நின்று தவிக்கும் வேளையில், அவர் அருகே நின்று கட்டளையிடும் வைத்தியர் எங்கே? இல்லாத எசமானுக்கு உதவியாளராக ஒரு மனிதனை முப்பது ஆண்டு வைத்திருக்கும் விந்தை இந்த மலைநாட்டுக்கே உரியது போலும்! பொறுப்பெல்லாம் வைத்தியருடையது, பெயரும் படியும் உதவியாளருடையவை.

இளைஞனாக அந்த மேசைக்கு வருகிறார். நரைத்த தலையோடு அதே மேசையை விட்டு எழுந்து போகிறார். இடைப்பட்ட காலத்தில் அவருக்கு மேலே எத்தனையோ நாற்காலிகள் போடப்படுகின்றன. சுகாதாரத் திட்டத்துக்குத் தலைமை, பயிற்சிக்குத் தலைமை, பிரதேச மேற்பார்வைக்குத் தலைமை என்று அவை வரும். அவற்றில் அமர வெளியிலிருந்து ஆட்கள் வருவர். லயத்தின் மொழியறியாதவரும் வருவர்; வந்தவருக்கு மொழிபெயர்த்துச் சொல்லும் வேலையும் நம் உதவியாளர் தலையிலேயே விழும். தலைமைக்கு அவர் பெயரை நினைப்பார் இல்லை.

இது தனியொருவரின் உத்தியோக ஏக்கம் என்று வாசகர் எண்ணிவிடலாகாது. சட்டம் படித்தவன் என்ற முறையில் இதன் வேரை முதலில் காட்டிவிடுகிறேன்.

தோட்டத்துத் தொழிலாளிக்கு வைத்தியம் வழங்குவதற்கென்று ஆங்கிலேயர் 1872லேயே ஒரு கட்டளைச் சட்டம் செய்தனர். பின்னர் 1912ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க வைத்தியத் தேவைகள் கட்டளைச் சட்டம் வந்தது. லயத்தைச் சுத்தமாக வைத்திருக்கும் கடமை யாருக்கு? தோட்டத் துரைக்கு. நோயாளியை ஆஸ்பத்திரிக்கு அனுப்பும் கடமை? துரைக்கு. பிள்ளை பெற்றவளுக்கு உணவும் ஓய்வும் கொடுக்கும் கடமை? அதுவும் துரைக்கே. நாட்டின் ஏனைய குடிகளின் உடல்நலம் அரசாங்கத்தின் பொறுப்பாக வளர்ந்தது. நம்மவர் உடல்நலம் துரையின் கணக்குப் புத்தகத்தில் ஒரு செலவுப் பத்தியாயிற்று. அந்தப் பத்தியில் பிறந்த உத்தியோகமே தோட்ட வைத்திய உதவியாளர் உத்தியோகம். இன்றும் அவர் தோட்டக் கம்பனியின் ஊழியர். தொழிலாளி வேலைக்கு வராவிட்டால் யாருக்கு நட்டமோ, அவரிடமே சம்பளம் வாங்கிக்கொண்டு, ‘இவனால் இன்று வேலை செய்ய இயலாது’ என்று துண்டு எழுத வேண்டியவர்.

இதன் பொருளை நான் ஒரு விசாரணையிலே கண்டேன். பல ஆண்டுகளுக்கு முந்திய கதை. தோட்டத்தின் பெயர் வேண்டாம். தொழிற்சாலையில் கொழுந்து அரைக்கும் இயந்திரத்தில் கை அகப்பட்ட ஒருவனுக்காக, 1934ஆம் ஆண்டின் வேலையாட்கள் நட்டஈட்டுக் கட்டளைச் சட்டத்தின் கீழ் வழக்காடிக்கொண்டிருந்தோம். டிஸ்பென்சரிப் பேரேடு கொண்டுவரப்பட்டது. முதல் வரியில் இருபது நாள் ஓய்வு. அதை வெட்டி, வேறு மையில், ஏழு நாளின் பின் இலகு வேலை! சாட்சியாக வந்த உதவியாளரிடம், வெட்டியது யார் கை என்று கேட்டேன். “என் கைதான் ஐயா” என்றார். யார் சொல்லி என்று கேட்டேன். வயது முதிர்ந்த அந்த மனிதர் நெடுநேரம் தரையைப் பார்த்தார். பிறகு, “ஓய்வுபெற இன்னும் இரண்டு வருடம் இருக்கிறது ஐயா” என்றார். அவ்வளவே விடை. பொய் சொல்லவும் அவருக்கு மனமில்லை. மெய் சொல்லவும் வழியில்லை. அந்த வழக்கில் நமக்கு ஏதோ கிடைத்தது. ஆயினும் அந்த விடை என் காதை விட்டு அகலவில்லை.

தலைமை என்று நான் சொல்வது மாலையும் மேடையும் அன்று. துரையின் கண்ணைப் பார்த்து, ‘இந்தத் துண்டை நான் மாற்ற மாட்டேன்’ என்று சொல்லக்கூடிய நிலை வேண்டும். தனக்கு மேலே தன் தொழிலைச் சேர்ந்த ஒருவர் இருக்கிறார், தன்னைக் காப்பார் என்ற உறுதி வேண்டும். அந்த உறுதி இல்லாத இடத்தில் கெட்டுப்போவது நோயாளியின் கை.

ஏனையோருக்கு ஏணி இருக்கிறதே! பொதுச் சுகாதாரப் பரிசோதகர் மேற்பார்வைப் பரிசோதகராகலாம். குடும்பநல மாதுவுக்கும் மேற்பார்வைப் பதவி உண்டு. தாதி விசேட தரத்துக்கு உயர்ந்து ஆஸ்பத்திரியின் தாதியர் அனைவருக்கும் தலைவியாகலாம். இவர்களில் எவரும் எம்.பி.பி.எஸ். பட்டம் பெற்றவரல்லர், ஆயினும் சேவைப் பிரமாணக் குறிப்பு அவர்களுக்குப் படிகளை வகுத்திருக்கிறது. தோட்டத்து உதவியாளருக்கு மட்டும் முதற்படியே கடைசிப்படி.

காரணம் தேடிப் பனிமூட்டத்துக்குள் அலைய வேண்டியதில்லை. 1948ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கப் பிரஜாவுரிமைச் சட்டம் நம் மக்களை நாடற்றவராக்கியது. நாடற்றவனுக்கு அரசாங்க உத்தியோகம் ஏது? படித்த பிள்ளைக்குத் திறந்திருந்த கதவுகள் தோட்டத்துக்குள்ளேயே இருந்தன. கணக்கப்பிள்ளை, பள்ளிக்கூட வாத்தியார், டிஸ்பென்சரி. 2003ஆம் ஆண்டின் 35ஆம் இலக்கச் சட்டத்தோடு பிரஜாவுரிமைக் கணக்கு தீர்ந்தது என்கிறார்கள். அந்தக் கணக்கிலே விட்டுப்போன உத்தியோகப் படிகளை யார் தீர்ப்பது?

வெளிநாட்டு மாதிரி இல்லாமல் எதையும் ஒப்பாத கனவான்களுக்காக ஒன்று சொல்கிறேன். 1965ல் அமெரிக்காவின் டியூக் சர்வகலாசாலையில் யூஜின் ஸ்டெட் என்ற வைத்தியப் பேராசிரியர், கடற்படையில் காயத்துக்குக் கட்டுப்போட்டுப் பழகிய சிலரைச் சேர்த்து ‘வைத்திய உதவியாளர்’ வகுப்பைத் தொடங்கினார். 1967ல் தேறியவர் மூவர். இன்று அத்தேசத்தில் அது இலட்சத்துக்கு மேற்பட்டோரின் தொழில். அங்கும் தலைமைப் பதவி என்றால் அவர்களைத் தாண்டிப் போகும் கண்கள் உண்டாம். அதனால் 2021ல் அவர்களுடைய சங்கம் ‘உதவியாளர்’ என்ற சொல்லையே களைந்தது. பெயரைச் சிறிதாக வைத்தால் நாற்காலியும் சிறிதாகும் என்பதை அவர்களும் கண்டுகொண்டார்கள்.

அமெரிக்கா போவானேன்! மானிப்பாயில் சாமுவேல் கிறீன் பத்தொன்பதாம் நூற்றாண்டிலேயே தமிழில் வைத்தியம் கற்பித்து வைத்தியர்களை உருவாக்கினார். பிற்காலத்தில் அப்போதிக்கரி என்றும் உதவி வைத்தியர் என்றும் இந்நாடு முழுவதும் கிராமத்து மருந்தகங்களைத் தாங்கி நின்றவர்களின் கதை என்னாயிற்று? யுத்த காலத்தில் வடக்கிலும் கிழக்கிலும் பட்டதாரி வைத்தியர் இல்லாத ஆஸ்பத்திரிகளை நடத்தியவர்களுள் அவர்களும் இருந்தனர். அவர்களுக்கான பயிற்சி 1990களில் நிறுத்தப்பட்டது. ஆபத்து வேளையில் தலைவர். ஆபத்து நீங்கினால் உதவி!

நியாயமான ஆட்சேபம் ஒன்றுண்டு. அதை ஒளிக்க மாட்டேன். எந்த நோய்க்கும் ஒரே வெள்ளை மாத்திரையை எண்ணிக் கொடுக்கும் உதவியாளர் இல்லையா? இருக்கிறார். பயிற்சி போதாதவர் இல்லையா? இருக்கிறார். வருத்தத்தோடு வந்த கிழவியை அதட்டி அனுப்பியவரையும் நான் அறிவேன். ஆனால், முப்பது ஆண்டு மறுபயிற்சியோ மேற்பார்வையோ இல்லாமல் ஒருவனைத் தனியே விட்டுவிட்டு, ‘பார், இவன் தகுதியற்றவன்’ என்று கைநீட்டுவது எந்த நீதி? சத்திரசிகிச்சைக் கத்தியை அவர் கையில் கொடுங்கள் என்று எவரும் கேட்கவில்லை. வைத்தியர் வைத்தியம் பார்க்கட்டும். தோட்டத்து ஆரம்ப சுகாதாரத்தைத் திட்டமிட்டு நடத்தும் பொறுப்பில், அதை நாள்தோறும் நடத்துகிறவருக்கு இடம் வேண்டும் என்கிறோம்.

2016ஆம் ஆண்டின் குடித்தொகை சுகாதார அளவீடு என்ன சொல்கிறது? ஐந்து வயதுக்குட்பட்ட தோட்டத்துப் பிள்ளைகளில் 31.7 வீதத்தினர் வயதுக்கேற்ற உயரமில்லாதவர்கள். நாடு முழுவதற்கும் அது 17.3 வீதம். இந்தக் கணக்குக் கொழும்புக்கு ஓர் அறிக்கை. தராசின் பக்கத்தில் நிற்பவருக்கோ, எந்த லயத்தில் எந்தக் காம்பறாவில் எந்தத் தாயின் பிள்ளை என்பது தெரியும். தெரிந்தவரை வாசலில் நிறுத்திவிட்டு உள்ளே மாநாடு நடத்துகிறார்கள்! 1992ல் அமைக்கப்பட்டு, இன்று பெருந்தோட்ட மனிதவள அபிவிருத்தி நிதியம் என வழங்கும் நிறுவனத்தின் சபையில் கம்பனிக்கு இடமுண்டு, அரசாங்கத்துக்கு இடமுண்டு, தொழிற்சங்கங்களுக்கும் இடமுண்டு. ஆம், நம் சங்கங்களையும் சேர்த்தே சொல்கிறேன். சம்பளப் பேச்சுக்கு மேசையைத் தட்டிய நாம், டிஸ்பென்சரி ஐயாவை ‘துரையின் ஆள்’ என்று ஒதுக்கி வைத்தோம். அவரைத் துரையின் ஆளாகவே விட்டுவைத்ததில் நமக்கும் பங்குண்டு.

தோட்ட ஆஸ்பத்திரிகள் சிலவற்றை அரசாங்கம் பொறுப்பேற்றது. ஏனையவற்றையும் ஏற்கும் என்ற பேச்சு தேர்தல்தோறும் எழுகிறது. ஏற்கும் நாளில் கட்டடத்தோடும் கட்டிலோடும் அந்த மனிதரையும் ஏற்க வேண்டும். எழுத்திலே ஒரு சேவைப் பிரமாணக் குறிப்பு, தமிழில் நடத்தப்படும் ஒரு மேற்பயிற்சி, தேறியோருக்கு மேற்பார்வைப் பதவி, மாவட்டத் தோட்டச் சுகாதாரத் திட்டத்தில் தலைமைக்குப் போட்டியிடும் உரிமை ஆகியவை வேண்டும். அதுவரையில், சுகவீனத் துண்டை மாற்றும் அதிகாரம் எந்த முகாமையாளருக்கும் இல்லை என்ற நிபந்தனையை அடுத்த கூட்டு ஒப்பந்தத்திலேயே எழுதிக்கொள்ளலாம். இதற்குப் பாராளுமன்றச் சட்டமும் வேண்டியதில்லை.

ராகலை, வலப்பனை, உடப்புசல்லாவைப் பகுதிகளின் தோட்ட வைத்திய உதவியாளர்கள் தம் நியமனக் கடிதங்களின் பிரதிகளை நமக்கு அனுப்பிவைக்கக் கோருகிறோம். கம்பனி அவர்களுக்கு எந்தப் படியைத்தான் வாக்களித்தது என்பதை வரிவரியாகப் படித்துப் பார்ப்போம். பெயர் வெளியிடப்படமாட்டாது. ஓய்வுபெற இரண்டு வருடமே இருப்பவரும் அஞ்சாமல் அனுப்பலாம்.