செம்பரம்பாக்கத்தை மட்டும் திட்டி என்ன பயன்?

2015 டிசம்பர் வெள்ளம் என்றதும் எல்லோரும் செம்பரம்பாக்கத்தைத்தான் கை காட்டுகிறார்கள். விநாடிக்கு 29,000 கன அடி திறந்தது பெரிய தப்பு என்றே வைத்துக்கொள்வோம். ஆனால் முடிச்சூரும் வரதராஜபுரமும் மூழ்கியது எப்படி? அந்த ஏரியின் உபரிநீர் அடையாற்றில் சேர்வது திருநீர்மலை அருகே. இந்த இரண்டு ஊரும் அதற்கு மேலே இருக்கின்றன!

அங்கே வந்ததில் பெரும்பங்கு ஒரகடம், படப்பை, மணிமங்கலம், ஆதனூர் பக்கத்து ஏரிகள் நிரம்பி வழிந்த தண்ணீர். அடையாறு மலையில் பிறக்கவில்லை. ஏரிகளின் கலங்கல்தான் அதன் தலை. அந்தச் சமவெளியில் இரண்டடி மேடு பள்ளம்தான் தண்ணீர் எந்தப் பக்கம் போகும் என்று தீர்மானிக்கிறது.

வருவாய்த்துறைப் பதிவேட்டில் அந்த இரண்டடிக்குக் கட்டமே இல்லை. வெள்ளம் பரவும் பட்டா நிலமும் புஞ்சை, மேட்டு நிலமும் புஞ்சை. இரண்டும் ஒரே மாதிரி லேஅவுட் ஆகும், கம்பெனி ஷெட் ஆகும். (செலவை எழுதாமல் லாபம் காட்டும் கணக்குப் புத்தகம் மாதிரி.)

2005-ல் ஏவிய கார்ட்டோசாட்-1 எடுத்த உயர அளவுகள் இஸ்ரோவின் புவன் தளத்தில் இலவசமாகவே கிடைக்கின்றன. அதில் சில மீட்டர் பிசகு வரும், இரண்டடி தெரியாது என்பார்கள். சரிதான். அதனால்தான் லிடார் வேண்டும், கலங்கல் கலங்கலாக லெவல் எடுக்க வேண்டும் என்பது! தொழிற்பேட்டை ரோட்டுக்கு லெவல் எடுக்கத் தெரிந்தவர்களுக்கு ஓடைக்கு எடுக்கத் தெரியாதா என்ன...

2015-க்குப் பின் வரதராஜபுரம் பக்கம் ஆற்றை அகலப்படுத்தினார்கள். 2021 நவம்பரில் மறுபடி அங்கே வெள்ளம். மேலே எத்தனை ஓடை, எவ்வளவு சரிவு என்று பார்க்காமல் கீழே எத்தனை அடி அகலம் வெட்டுவார்களாம்?