வெட்டிப் பார்த்த அறிவும், நம்பச் சொன்ன அறிவும்

நம் மக்களுக்குத் தலையெழுத்தில் அளவில்லாத நம்பிக்கை. அதை எழுதினவனைக் கண்டவருமில்லை, எழுத்தைப் படித்தவருமில்லை. ஆனால் உடலுக்குள் மெய்யாகவே இருக்கும் ஓர் எழுத்தை விஞ்ஞானிகள் ஆராய்ந்த விதத்தை நம் தோழர்கள் அறிந்துகொள்வது அவசியம்.

மனிதனுடைய ஓர் உயிரணுவிலுள்ள டி.என்.ஏ. என்னும் இழையை நீட்டினால் சுமார் 2 மீட்டர் வரும். அது அடங்கியுள்ள உட்கருவோ வெறுங்கண்ணுக்கே தெரியாது. இது எப்படி அடங்கிற்று? ஹிஸ்டோன் என்னும் புரதத்தோடு சேர்ந்து ஒரே சீரான சுருளாக இருக்கிறதென்று, நோபல் பரிசு பெற்ற வில்கின்ஸ் முதலானோர் 1967-ல் சொன்னார்கள். பெரியவர் சொல்லிவிட்டாரென்று மற்றவர்கள் கன்னத்தில் போட்டுக்கொண்டு போய்விடவில்லை.

1973-ல் ஆஸ்திரேலியாவில் ஹூயிஷ், பர்கோயின் என்ற இருவர், எலியின் ஈரலணுக்களில் இயல்பாகவே உள்ள, டி.என்.ஏ.வை வெட்டும் நொதியை வேலை செய்யவிட்டுப் பார்த்தார்கள். இழை எங்கும் ஒரே மாதிரி இருந்தால் கண்ட இடத்தில் வெட்டுண்டு, எல்லா நீளத்திலும் துண்டுகள் வரவேண்டும். வந்தவையோ ஓர் அளவும், அதன் இரட்டிப்பும், மும்மடங்குமான துண்டுகளே! உருத்திராட்ச மாலையில் கத்தரியை வைத்தால் கொட்டையா வெட்டுப்படும்? இடையிலுள்ள கயிறுதானே அறும்? ஒரு கொட்டை, இரண்டு கொட்டை, மூன்று கொட்டையென்றுதானே துண்டு விழும்? அதுபோலத்தான் இதுவும்.

எட்டு ஹிஸ்டோன்கள் கூடியது ஒரு மணி; மணி ஒன்றுக்குச் சுமார் 200 எழுத்து ஜோடிகள் என்று 1974-ல் கேம்பிரிட்ஜில் ரோஜர் கார்ன்பெர்க் விளக்கினார். நொதியை இன்னும் வெட்டவிட்டால், மணியை ஒட்டிச் சுற்றியுள்ள சுமார் 147 ஜோடிகள் மிஞ்சுகின்றன. இழை மணியை ஒன்றரைச் சுற்றுக்குச் சற்று அதிகமாகச் சுற்றியிருப்பதை 1997-ல் எக்ஸ் கதிர் ஆராய்ச்சி நுட்பமாகக் காட்டிற்று. பழைய கொள்கை தானே கழன்று விழுந்தது. அதை மறுத்தவர்களை எவரும் நாஸ்திகர் என்று வையவில்லை.

நிற்க, அந்த ஹிஸ்டோன்களில் ஒன்றைக் கன்றுக்குட்டியிலிருந்தும் பட்டாணிச் செடியிலிருந்தும் எடுத்து 1969-ல் ஒப்பிட்டார்கள். 102 அமினோ அமிலங்களில் வேறுபட்டவை இரண்டே இரண்டு! மாட்டுக்கும் பட்டாணிக்குமே வித்தியாசம் இவ்வளவென்றால், முகத்தில் பிறந்தவன், காலில் பிறந்தவன் என்று மனிதரைப் பிரித்தவர்கள் எதை வெட்டிப் பார்த்து, எதை எண்ணிப் பார்த்துச் சொன்னார்கள்?

இந்த ஒரு கணக்கே சாதியை ஒழித்துவிடும் என்று நாம் சொல்ல வரவில்லை. சொன்னதைச் சோதித்துப் பார், பொய்யானால் தள்ளு என்பதையே சொல்லுகிறோம். வில்கின்ஸின் கொள்கைக்கு நேர்ந்த அந்தச் சோதனைக்கு மனுவின் கொள்கையையும் உட்படுத்தச் சாஸ்திரக்காரர்கள் தயாரா என்றுதான் கேட்கின்றோம்.