நாட்டின் தண்ணீருக்கு வானத்தில் தராசு!

குடத்துத் தண்ணீரை எடை போடலாம். ஒரு நாட்டுத் தண்ணீரை எடை போட முடியுமா? பூமிக்குள் ஒளிந்திருக்கும் தண்ணீரையும் சேர்த்து?

மொத்தம் எவ்வளவு என்று சொல்ல முடியாது. ஆனால் எவ்வளவு கூடியது, எவ்வளவு குறைந்தது என்று சொல்ல முடியும். அதற்கான தராசு வானத்தில் இருக்கிறது!

2002-ம் ஆண்டு மார்ச் 17-ந்தேதி அமெரிக்காவும் ஜெர்மனியும் சேர்ந்து 2 செயற்கைக்கோள்களைப் பறக்க விட்டன. "கிரேஸ்" என்று பெயர். ஒன்றின் பின் ஒன்றாக, சுமார் 220 கிலோ மீட்டர் இடைவெளியில் அவை பூமியைச் சுற்றின.

எப்படி எடை போடுகிறது?

எங்கே கனம் அதிகமோ, அங்கே பூமியின் இழுப்பும் அதிகம். நல்ல மழை பெய்து ஏரியும் நிலமும் நிரம்பினால், அந்தப் பகுதி கனக்கும். முன்னால் போகும் செயற்கைக்கோள் அதை நெருங்கும்போது, இழுப்பு கூடிச் சற்றே முந்தும். இடைவெளி மாறும். தலைமயிரின் பருமனைவிடச் சின்ன மாறுதலையும் கருவி கண்டுபிடித்துவிடும். மாதா மாதம் கணக்கு எடுத்தால், தண்ணீரின் வரவு செலவு தெரிந்துவிடும்.

2017-ல் அந்த ஜோடியின் வேலை முடிந்தது. 2018 மே 22-ந்தேதி புதிய ஜோடி புறப்பட்டது.

அதிர்ச்சிக் கணக்கு

இந்தத் தராசு நம் நாட்டைப் பற்றி என்ன சொன்னது? பஞ்சாப், அரியானா, ராஜஸ்தான், டெல்லி பகுதிகளில் 2002 முதல் 2008 வரை 109 கன கிலோ மீட்டர் நிலத்தடி நீர் குறைந்துவிட்டது என்று 2009-ல் விஞ்ஞானிகள் அறிவித்தார்கள். மேட்டூர் அணையை 40 தடவை நிரப்பலாம், அவ்வளவு தண்ணீர்! மழை பொய்க்கவில்லை. பாசனத்துக்காக இறைத்தது, ஊறியதைவிட அதிகம். அதுதான் காரணம்.

நம் ஊர் கதை

தாம்பரத்தில் 2015 டிசம்பர் 2-ந்தேதி காலையோடு முடிந்த 24 மணி நேரத்தில் 49 சென்டி மீட்டர் மழை கொட்டியது. முடிச்சூர் தண்ணீரில் மிதந்தது. நாலு ஆண்டுகூட ஆகவில்லை. 2019 கோடையில் செம்பரம்பாக்கம், புழல் ஏரிகள் வறண்டன. ஜோலார்பேட்டையில் இருந்து ரெயிலில் தண்ணீர் வந்தது. பெய்தபோது சேர்க்கவில்லை, காய்ந்தபோது தவித்தோம்.

வானத்துத் தராசு பெரிய தராசு. பல நூறு கிலோ மீட்டர் பரப்பைத்தான் அது எடை போடும். சேலையூர் ஏரியோ, உங்கள் தெருக் கிணறோ அதன் கண்ணுக்குத் தெரியாது. அதை நாம்தான் அளக்க வேண்டும்.

குதிரில் நெல் எவ்வளவு என்று பாராமல் அள்ளும் வீடு உருப்படுமா? கிணற்றில் கயிறு விட்டு மாதம் ஒரு முறை அளந்து எழுதுங்கள். பிள்ளைகளே செய்யலாம். ஒவ்வொரு ஏரிக்கரையிலும் நீர்மட்டத்தைத் தமிழில் பலகையில் எழுதி வைக்க வேண்டும். இது தாம்பரம் மாநகராட்சியின் கடமை. மழைநீர் சேகரிப்பு 2003-ல் எல்லா வீட்டுக்கும் கட்டாயம் ஆனது. தொட்டி இருக்கிறது, தூர் வாரினோமா?

ஏரியில் குப்பையையும் சாக்கடையையும் விட்டுவிட்டுத் தண்ணீர் லாரிக்குக் காத்து நிற்பது அறிவீனம். அடுத்த மழை வருமுன் தொட்டியைத் திறந்து பாருங்கள்!