குரல் நடுங்கினால் யாருக்குப் பொன்னாடை?

மார்கழிக் கச்சேரியைத் தொலைக்காட்சியில் பார்க்கிறேன். மூத்த வித்வானுக்கு மேல்ஸ்தாயி எட்டவில்லை. பின்னால் அமர்ந்த சிஷ்யர் தாங்கிப் பிடிக்கிறார். சபை அதை 'கனிந்த ஞானம்' என்கிறது. எனக்கு அதில் புகாரில்லை. முதுமையின் நடுக்கமும் இசைதான்.

ஆனால் பரவை முனியம்மாவின் முதுமைக்கு அந்தக் காது வாய்த்ததா? 2003இல் 'தூள்' வந்த பிறகுதான் நகரம் அவரைக் கண்டது. அப்புறம் தொலைக்காட்சி தேடிப்போய்க் கொடுத்தது என்ன தெரியுமா, சமையல் நிகழ்ச்சி! கடைசிக் காலத்தில் நோயும் வறுமையுமாக இருந்து, 2020 மார்ச்சில் இறந்தார்.

அதே டிசம்பரில் 'மார்கழியில் மக்களிசை' தொடங்கியது. பறையும் கானாவும் ஒப்பாரியும் சென்னையில் மேடையேறின. நம் மேடைதான், அதனால் உரிமையோடு கேட்கிறேன்: அங்கே எழுபது வயது ஒப்பாரிக்கார அம்மாவுக்கு ஒரு பாட்டா, முழுக் கச்சேரியா?