டெக் டைரி: ஒரே ஒரு வரிதான் மாற்றினோம்!

டிப்ளமோ படித்தபோது நண்பர்கள் நான்கு பேர் சேர்ந்து சமையல் குறிப்பு வெப்சைட் ஒன்று நடத்தினோம். வாசகர்கள் டைப் செய்து அனுப்பினால் உடனே பக்கத்தில் வந்துவிடும். ஒருநாள் காலையில் பார்த்தால், வத்தக்குழம்புக்குக் கீழே இருந்த அத்தனை குறிப்புகளும் கொட்டை எழுத்தில்!

விஷயம் இதுதான். குறிப்பு அனுப்பியவர், தலைப்பு பளிச்சென்று தெரிய எச்.டி.எம்.எல். குறி ஒன்றைப் போட்டிருக்கிறார், மூட மறந்துவிட்டார். ஆனால், தப்பு அவர்மேல் இல்லை. எங்கள்மேல்தான்.

வெப்சைட்டை 'பெர்ல்' மொழியில், 'மோஜோலிஷியஸ்' ஃபிரேம்வொர்க்கில் செய்திருந்தோம். அதில் ஒவ்வொரு பக்கத்துக்கும் ஒரு டெம்ப்ளேட் ஃபைல் இருக்கும். பெயர் எழுத மட்டும் இடம்விட்டு அச்சடித்த கல்யாணப் பத்திரிகை மாதிரி. அந்தக் காலி இடத்தை நிரப்புவது டெம்ப்ளேட் என்ஜினின் வேலை.

மோஜோலிஷியஸோடு வரும் என்ஜின் 'ஈபி'. வாசகர் என்ன எழுதினாலும் <, >, & போன்ற குறிகளை வெறும் எழுத்தாக மாற்றித்தான் பக்கத்தில் வைக்கும். <%= என்று எழுதினால் இந்தக் காவல் தானாகவே உண்டு. <%== என்று இன்னொரு சமக்குறி சேர்த்தால்தான் காவல் விலகும்.

நண்பனுக்குப் பழக்கமானது 'டெம்ப்ளேட் டூல்கிட்'. அதற்கான பிளக்-இன்னைப் போட்டு, டெம்ப்ளேட்களை அதற்கேற்ப மாற்றி எழுதி, செட்டிங்கில் 'டிஃபால்ட் ஹேண்ட்லர்' வரியில் 'ஈபி'யை 'டிடி' ஆக்கினோம். பக்கம் அச்சு அசல் பழையபடியே வந்தது. கைதட்டிவிட்டுத் தூங்கப் போனோம். டெம்ப்ளேட் டூல்கிட் அந்தக் குறிகளைத் தானாக மாற்றாது, நாம்தான் சொல்ல வேண்டும் என்பது அப்போது தெரியாது.

கொட்டை எழுத்தோடு போனது எங்கள் அதிர்ஷ்டம். அதே இடத்தில் யாராவது ஜாவாஸ்கிரிப்ட் எழுதியிருந்தால், பக்கத்தைத் திறந்த ஒவ்வொருவர் போனிலும் அது ஓடியிருக்கும். லாகின் செய்திருந்தவர் பெயரில் என்ன வேண்டுமானாலும் அனுப்பியிருக்கலாம்.

வாசகர் எழுத்து வரும் இடங்களிலெல்லாம் ஒரு நேர்க்கோடு போட்டு 'எச்டிஎம்எல்' ஃபில்டர் சேர்த்தோம். ஒரு சாயங்கால வேலை.

நீங்களும் டெம்ப்ளேட் என்ஜினை மாற்றுகிறீர்களா? பக்கம் அழகாக வந்துவிட்டதே என்று விட்டுவிடாதீர்கள். கொட்டை எழுத்துக் குறி ஒன்றை நீங்களே டைப் செய்து அனுப்பிப் பாருங்கள். குறி அப்படியே எழுத்தாகத் தெரிந்தால் அந்த இடம் பத்திரம். எழுத்து தடித்தால், அன்று இரவு தூக்கத்தைத் தள்ளிப்போடுங்கள்!